வற்றிய அணைக்குள் ஒரு பலாமரம்

நான் கப்பலேறி வந்து பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் கணவரோடு குடித்தனம் தொடங்கியபோது, அண்ணன் மலாயாவுக்கு வந்து பல வருடங்களாகியிருந்தன. அண்ணி காய்ச்சலில் போய்விட்டாள் என்பது மட்டும் எனக்குத் தெரியும். அதற்கு மேல் அவர் பேசியதில்லை.

மழை பொய்த்த ஒரு வருடம் குழாயில் தண்ணீர் நூலாய் வந்தது. அம்பாங் பக்கத்து அணை வற்றிக் கிடக்கிறதாம், பறவைகள் கூடியிருக்கின்றனவாம், பார்த்துவிட்டு வரலாமா என்று அண்ணன் கேட்டார். எங்கும் அழைத்துப்போகாத மனிதர். எலுமிச்சைச் சோறு கட்டிக்கொண்டு ரயிலேறினேன்.

கரையோர மரநிழலில் உட்கார்ந்தோம். வெடித்த சேற்றில் கொக்குகள் ஆளுக்கொரு குட்டையாய் நின்றன. சிவப்புத் தட்டான்கள் அடர்ந்து பறந்ததில் நீர்மேல் அனல் ஆடுவதுபோலிருந்தது. காட்டுக்குள் சில்வண்டுகள் காதைத் துளைத்தன. திடீரென்று எல்லாம் சேர்ந்து அடங்கின. அந்த அமைதியில் ஏதோ ஒரு பறவை தேய்ந்து தேய்ந்து அழைத்தது.

அது என்ன பறவையென்று அணையின் மலாய்க்காரக் காவலாளியிடம் கேட்டேன். "மாத்தி ஆனாக்" என்றார். பிள்ளை செத்துப்போச்சு என்று கூவுகிறதாம்.

அண்ணன் சோற்றைக் கீழே வைத்துவிட்டார். நடுவில் நின்ற ஒரு பட்ட மரத்தைக் காட்டினார். அதன் நுனியில் மீன்கொத்தி உட்கார்ந்திருந்தது.

"அது பலாமரம்மா. அணை கட்டுறப்ப கூலிக்காரங்க நாங்க குடியிருந்த லயம் அங்கதான் இருந்துச்சு. எம் புள்ளைய அதுக்கடியிலதான் பொதைச்சோம்."

அவருக்குப் பிள்ளை இருந்ததே எனக்கு அன்றுதான் தெரியும். பெண் குழந்தை. அது இறந்த அதே மாதம் அண்ணியும் போனாள். அப்புறம் மதகை அடைத்தார்கள், தண்ணீர் ஏறிவிட்டது.

நான் வாய் திறப்பதற்குள் அவர் இறங்கி நடந்தார். மேலே காய்ந்திருந்த சேறு உள்ளே கூழாக இருந்தது. மரத்தை நெருங்கும்போது இடுப்புவரை புதைந்துபோனார். மீன்கொத்தி பறந்தது. அவர் கத்தவில்லை, கையை மட்டும் மரத்தை நோக்கி நீட்டிக்கொண்டிருந்தார். காவலாளி பலகையைப் போட்டு அதன்மேல் தவழ்ந்தார். நானும் பின்னால் ஊர்ந்துபோய் அண்ணனின் சட்டையைப் பிடித்தேன்.

"விடும்மா, இன்னும் கொஞ்ச தூரந்தான்" என்றார்.

"அண்ணே, வந்துருங்க. நான் இருக்கேன்ல."

வெகுநேரம் கழித்துத்தான் எங்கள் பக்கம் கையைக் கொடுத்தார்.

திரும்பும் ரயிலில், உடம்பெல்லாம் சேறு காய்ந்து உதிர, குழந்தையின் பெயரை என்னிடம் சொன்னார். அந்த மாதமே மழை பிடித்துக்கொண்டது. அணை நிரம்பியதாகச் சொன்னார்கள். நாங்கள் போய்ப் பார்க்கவில்லை.

எனக்குப் பெண் பிறந்தபோது அந்தப் பெயரையே வைக்கலாமா என்று அண்ணனிடம் கேட்டேன். தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார்.

"வேணாம்மா. கூப்பிட்டா ரெண்டு பேரும் வந்துருவாங்க."