சப்பரம் சுற்றிய நிலம்

சண்டை ஓய்ந்த மறுவருஷம், 1946 வைகாசிக் கடைசியில், அடையாற்று முகத்துவாரத்துக்கு வடகரையில் உள்ள மீனவர் குப்பம் ஒன்றுக்கு அந்தோணியார் திருவிழா பார்க்கப் போனேன். இந்த வருஷம் போக நினைக்கிற சிலர் வழி கேட்டிருக்கிறார்கள். வழியையும் எழுதுகிறேன், அங்கே நடந்ததையும் எழுதுகிறேன். நடந்ததைச் சொல்லாமல் வழியை மட்டும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

என்னைக் கூப்பிட்டது சவரியம்மா. தியாகராய நகரில் எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருகிறவள். வழக்கமாக விலைக்காக என் மனைவியோடு சண்டை போடுவாள். அன்று கூடையை இறக்கியதுமே வேறு சண்டையை ஆரம்பித்தாள்.

“சார், நீயும் வேதக்காரன்தானே? எங்க திருநாளுக்கு வா. வலை காயப்போடுற மேட்ட மிஷன் சாமியாரு விக்கப் போறாராம். பங்களா கட்டப்போறாங்களாம். அப்புறம் கட்டுமரத்த எங்க இழுத்து வுடறது? உன் வூட்டு வாசல்லயா?”

நான் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்துகிறவன். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குத் தவறாதவன். கர்த்தர் மீன்பிடிக்கிறவர்களைத் தேடிப்போய்க் கூப்பிட்டார் என்று படித்திருக்கிறேன். அவர்களுடைய கரையை விற்றார் என்று எங்கும் படித்ததில்லை. போய்ப் பார்த்துவிடுவது என்று கிளம்பினேன்.

பனகல் பூங்கா ஓரத்தில் மூன்று மணிக்குக் கரிவாயு பஸ் ஏறினேன். லஸ் வரை ஒன்றரை அணா. நடுவழியில் வண்டி இருமிக்கொண்டு நின்றுவிட்டது. கண்டக்டர் இறங்கிப் போய்ப் பின்னாலிருந்த கரியடுப்பைக் கிளறிவிட்டு, ஒன்றுமே நடக்காதவர்போல ஏறிக்கொண்டார். அவசரம் உள்ளவர்கள் நடந்துவிடுவது நல்லது. லஸ்ஸிலிருந்து குப்பம் இரண்டு மைல் இருக்கும். ஜட்காவுக்குப் பன்னிரண்டு அணா கேட்டார்கள். எட்டணாவுக்கு ஒரு சாயபு ஒப்புக்கொண்டார்.

“ரோட்டோட எறக்கிடுவேன் நைனா. குதிரைக்கு மணல் ஆவாது” என்றார். நான் போகிற காரணத்தைச் சொன்னதும் திரும்பிப் பார்த்தார். “கடலோரத்த விக்கிறாரா? அது இன்னா, அவரு அங்கியில கீற துணியா, கிழிச்சுக் குடுக்க?”

சாந்தோம் சாலையில் வண்டி போகும்போது எனக்குப் பாடப்புத்தகம்தான் ஞாபகம் வந்தது. போர்த்துகீசியர் இந்தக் கரையில் இறங்கியபோது சிலுவையும் பீரங்கியும் சேர்ந்தேதான் இறங்கின. கடலுக்கு அப்பால் அமெரிக்காவில் இறங்கிய வெள்ளைக்காரர்கள், கரையில் ஒரு சிலுவையை நட்டு ஜெபம் சொல்லி, ‘இந்த நாடு எங்கள் ராஜாவுடையது’ என்று கூவினார்கள். சுற்றி நின்ற நிலத்துச் சொந்தக்காரர்களுக்கு அந்த பாஷையே தெரியாது. இதற்குப் புத்தகத்தில் ‘கண்டுபிடிப்பு’ என்று பெயர். அடுத்த வீட்டுக்குள் புகுந்து ஜெபம் சொல்லிவிட்டு வீடு என்னுடையது என்றால் போலீஸ்காரர் அதற்கு என்ன பெயர் வைப்பார் என்று வகுப்பில் கேட்க வேண்டும் போலிருந்தது.

சாலையிலிருந்து கால் மைல் மணலில் நடக்க வேண்டும். ஓலைக் குடிசைகள், நடுவே வெள்ளையடித்த சின்ன அந்தோணியார் கோயில். கோயிலுக்குத் தெற்கே அந்த மேடு. வலைகள் காயவேண்டிய இடத்தில் புதிதாகக் கழிகள் நட்டு, பட்டாளத்தில் மிஞ்சிய முள்கம்பியை இழுத்துக் கட்டியிருந்தார்கள். மழைக்காலத்தில் கட்டுமரங்களை ஏற்றி வைக்க அதைவிட்டால் வேறு மேட்டுநிலம் கிடையாது. அது போனால் குப்பமே போக வேண்டியதுதான்.

இந்த நிலம் எப்படி மிஷனுக்குப் போயிற்று என்பதை ஊர்த்தலைவர் ராயப்பன் சொன்னார். திருநாளில் தோளில் தூக்கிப் போகிற அந்தோணியார் சப்பரம் தங்கள் வாசலைத் தொட்டுப் போனால்தான் அந்த வருஷம் வலை நிறையும் என்பது இவர்கள் நம்பிக்கை. அதனால் ஒவ்வொரு வீட்டுக்காரரும் கெஞ்சிக் கெஞ்சிச் சுற்றைப் பெரிதாக்கினார்கள். கிணற்றைத் தாண்டி, மேட்டைத் தாண்டி, ஆற்றுமுகம் வரை சப்பரம் போயிற்று.

“எங்க தாத்தா காலத்துல சர்வே துரை வந்தாரு சார். கூடவே அப்போ இருந்த சாமியாரு. ‘கோயில் எதுவரைக்கும்?’னு கேட்டாங்க. சப்பரம் போற வழியையே சுத்திக் காட்டிட்டாங்க எங்காளுங்க. அம்மாந்தூரம் நடந்து காட்டினாங்க, பெருமையா. அவரு அத்தினியும் மிஷன் பேருல எழுதிக்கினாரு.”

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. துப்பாக்கி எடுத்து வந்து பறித்திருந்தால்கூட எதிர்த்து நின்றிருப்பார்கள். இவர்களுடைய பக்தியையே அளவுகோலாக்கி இவர்கள் நிலத்தை அளந்திருக்கிறார்கள். மெழுகுவத்தி பிடித்துக்கொண்டு, பாட்டுப் பாடிக்கொண்டு, தங்கள் வேலியைத் தாங்களே போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

ஆறு மணிக்குச் சப்பரம் தயாரானது. மிஷன் சாமியார் கோயில் படியில் நின்றார். வெள்ளைக்காரர், வயதானவர், புத்தகத் தமிழ் பேசுகிறவர். “பிள்ளைகளே, வேலிக்கு முன்பாகத் திரும்பிவிடுங்கள். அது இனிமேல் பிறருடைய சொத்து” என்றார். வாங்கப் போகிற செட்டியாரும் மோட்டாரில் வந்து சாலையோரம் இறங்கி நின்றிருந்தார். சாமியார் அவரைப் பார்த்துத் தலையாட்டினார்.

சப்பரம் தூக்க எட்டுப் பேர் வேண்டும். மிஷன் பங்களாவில் சமையல் செய்கிற லாசர் தலையைக் குனிந்துகொண்டு விலகிப் போனான். அவன் பிழைப்பு அங்கே. அவனைக் குற்றம் சொல்லமாட்டேன். சவரியம்மா என் முகத்தைப் பார்த்தாள். “இன்னா சார், சரித்திரம் சொல்லித் தர்ற தோளு தாங்குமா?”

தாங்கும் என்று போய்க் கம்பைத் தோளில் வாங்கினேன். சாமியாரும் செட்டியாரும் என்னைப் பார்க்கட்டும் என்றே முன்கம்பைப் பிடித்தேன்.

வேலி வரை போனோம். ராயப்பன் கையைத் தூக்கினார். சப்பரம் கோயிலுக்குத் திரும்பவில்லை. சாலைக்கு ஏறியது. அரை மைல் வடக்கே மிஷன் பங்களா, செம்பருத்தி வேலி, பச்சைப்பசேல் என்ற புல்தரை. பாட்டை நிறுத்தாமல் அந்த வேலியை மூன்று முறை சுற்றினோம். மூன்றாவது சுற்றில் வாசல் வழியே நுழைந்து, வராந்தாவுக்கு எதிரே அந்தோணியாரை இறக்கி வைத்தோம். என் தோளில் ரத்தம் கட்டியிருந்தது. அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு எந்தத் திருநாளிலும் கிடைத்ததில்லை.

சாமியார் ரிக்‌ஷாவில் வந்து இறங்கினார். முகம் சிவந்திருந்தது. “இது என்ன?” என்றார்.

சவரியம்மா முன்னால் வந்தாள். “சப்பரம் சுத்துன எடம் கோயில் எடம்னு எங்க தாத்தன் காட்டினத எழுதிக்கினீங்க இல்ல, சாமி? இப்ப இதயும் எழுதிக்கோங்க. கோயில் கல்லு மண்ணு சொமந்து நாங்க கட்டுனது. அப்ப இந்த பங்களாவும் எங்குளுது.”

“இது பக்தி அல்ல, கலகம்.”

“ரெண்டுந்தான், சாமி” என்றார் ராயப்பன்.

பின்னாலேயே பெண்கள் ஈரவலைகளைச் சுமந்து வந்து, புல்தரை முழுவதும் விரித்தார்கள். விரித்துவிட்டு ஓரமாக முழந்தாளிட்டு ஜெபமாலை சொல்ல ஆரம்பித்தார்கள். ஜெபம் சொல்கிறவர்களைத் துரத்த எந்தச் சாமியாருக்கு வாய் வரும்? மீன்நாற்றம் ஜன்னல் வழியே உள்ளே போய்க்கொண்டிருந்தது. பின்னாலேயே மோட்டாரில் வந்த செட்டியார் வாசலோடு நின்று மூக்கைத் துண்டால் பொத்தினார். வக்கீலைக் கலந்துகொண்டு சொல்வதாகச் சாமியாரிடம் சொல்லிவிட்டு வண்டி ஏறிப் போனார்.

அவர் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. மேடு விற்கப்படவில்லை. ஆனால் பத்திரம் இன்றைக்கும் மிஷன் பேரில்தான் இருக்கிறது. கழிகளையும் முள்கம்பியையும் பிடுங்கவில்லை. குப்பத்தார் அந்தக் கம்பியின் மேலேயே வலையை உலர்த்துகிறார்கள். என்னையும் ஒரு பாதிரியார் கூப்பிட்டு, ஒரு கிறிஸ்தவன் இப்படிச் செய்யலாமா என்று கேட்டார். கிறிஸ்தவனாக இருப்பதால்தான் செய்தேன் என்றேன். வெள்ளைக்காரன் மூட்டை கட்டுகிற காலம் இது. அவன் போகும்போது ஜெபத்தின் பேரில் எடுத்ததையும் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். மாலை நாலரைக்குள் குப்பத்துக்குப் போய்விடுங்கள். மணலில் செருப்பு உதவாது, கையில் எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் கொண்டுபோங்கள், அங்கே கிணறு கொஞ்சம் உப்பு. சாப்பாட்டைப் பற்றிக் கவலை வேண்டாம், சவரியம்மா வீட்டில் மீன்குழம்பு உண்டு, வேண்டாம் என்றால் திட்டுவாள். லாசர் இந்த வருஷமும் தூக்கமாட்டான். நான் ஒரு தோள்தான். சப்பரம் பங்களாவைச் சுற்றத்தான் போகிறது. ஆகவே தோளுக்குக் கனமான துண்டு ஒன்றை மறக்காமல் எடுத்து வாருங்கள்.