வீரய்யா சேர்த்துவைத்த குடும்பங்கள்

வீட்டில் வீரய்யா செய்கிற ஒரே வேலை தன் சப்பாத்துக்குப் பொலிஷ் போடுவது. சனிக்கிழமை காலை முன்னறையில் பேப்பரை விரித்து, கிழிந்த பனியன் துணியால் சப்பாத்தைத் தேய்த்துக்கொண்டே, பின்னேரம் பேச வேண்டியதைச் சொல்லிப் பார்த்தார்.

"பெண்ணைத் தெய்வமாகப் போற்றிய பாரத மண்ணிலே இன்று நடப்பது என்ன? பண்பாடு எங்கே? ஒழுக்கம் எங்கே?"

"தேங்கா எங்கன்னு கேளுங்க மொதல்ல," என்றாள் குசினியிலிருந்து அவர் பெண்சாதி பாலாம்பிகை. "நேத்தே வாங்கிட்டு வாங்கன்னு சொன்னேன்."

இந்தியாவில் ஒரு கல்லூரி மாணவிக்கு நடந்த கொடுமையைக் கண்டித்துக் கோயில் மண்டபத்தில் கூட்டம். ஊர் மஹய்யாவை. அங்கே எந்தக் கூட்டமென்றாலும் வீரய்யாதான் தலைமை. ஒரு வாரமாகச் சென்னை சேனல்களின் செய்தியைத் தவறாமல் பார்த்து, சோற்றுத் தட்டை மடியில் வைத்துக்கொண்டே அந்த நாடு கெட்டுப்போனதற்காக வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார். வருத்தம் அவருக்கு நன்றாக வரும். கடல் தாண்டிய விஷயமென்றால் இன்னும் நன்றாக வரும்.

ஆளைக் குறைத்துச் சொல்லவும் முடியாது. தகப்பன் மாநகரசபையில் தெருக் கூட்டியவர். மகன் படித்து அதே சபையில் கிளார்க்காகக் கதிரை போட்டு உட்கார்ந்தார். சாவு வீட்டுக்கு முதல் ஆளாகப் போய் நிற்பார். சிங்களத்தில் வருகிற கடிதங்களை வாசித்துச் சொல்வார். எதற்கும் ஒரு பிளேன்டீக்கு மேல் கை நீட்டி வாங்கியதில்லை. ஆனால் அவருக்குப் பெயர் வந்தது இதனாலெல்லாம் இல்லை. அடித்த புருஷனையும் அடிபட்ட பெண்சாதியையும் பொலிசுக்குப் போகவிடாமல் சேர்த்து வைக்கிறவர் என்றுதான் பெயர்.

அதற்கு ஒரு முறை வைத்திருந்தார். இரண்டு பேரையும் முன்னறையில் உட்கார வைப்பார். "ஆம்பள கைய நீட்டியிருக்கான்னா, பொம்பள வாய நீட்டியிருப்பா" என்று தொடங்குவார். பாலாம்பிகை தட்டில் சூடத்தை ஏற்றிக் கொண்டு வருவாள். புருஷன் உள்ளங்கையால் சுடரை அணைத்து, இனிமேல் அடிப்பதில்லை என்று சத்தியம் செய்வான். பொய்ச் சத்தியம் செய்தவன் கை வெந்துபோகும் என்று வீரய்யா முன்கூட்டியே எச்சரித்து வைப்பார். சட்டென்று அழுத்தினால் யாருடைய கையும் வேகாது என்பது சமைக்கிற எவளுக்கும் தெரியும். முன்னறையில் தீர்ப்புச் சொல்கிறவர்கள் சமைப்பதில்லை.

பன்வில தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த சிந்துஜா என்றொரு பெண்ணை அப்படித்தான் இரண்டு தடவை புருஷனிடம் திருப்பி அனுப்பினார். மூன்றாம் தடவை அவள் வந்தபோது ஒரு கண் தெரியவில்லை. "அவ வாய் அப்படி" என்றார் வீரய்யா. அன்றைக்குப் பாலாம்பிகை இரவுச் சாப்பாடு சாப்பிடவில்லை. அவர் அதைக் கவனிக்கவில்லை.

இரண்டாவது சப்பாத்தைக் கையில் எடுத்தபோது மகள் கிருஷாந்தி வாசலில் நின்றாள். குண்டசாலையில் புருஷன் வீட்டிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருக்கிறாள். தோளில் கைப்பை மட்டும். இடது கன்னம் வீங்கி, காதுமடல் கறுத்திருந்தது.

"என்னம்மா, மாப்பிள்ளை வரலியா?" என்றார் வீரய்யா.

பாலாம்பிகை குசினியிலிருந்து ஓடிவந்து மகள் முகத்தைத் திருப்பிப் பார்த்தாள். கிருஷாந்தி டவுனில் ஒரு பார்மசியில் வேலை செய்கிறாள். நேற்றுக் கடையில் கூட்டமாக இருந்தபோது புருஷன் நிரஞ்சன் எடுத்த போன் கோலுக்குப் பதில் சொல்லவில்லை. வீட்டுக்குப் போனதும் யாரோடு பேசிக்கொண்டிருந்தாய் என்று கேட்டு அறைந்திருக்கிறான்.

"காதுக்குள்ள கொய்யுன்னு சத்தம் கேக்குதும்மா. வேற ஒண்ணும் கேக்கல."

வீரய்யா அவளுடைய இடது பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு நியாயம் பேசினார். ஆம்பளைக்குச் சந்தேகம் வருகிற மாதிரிப் பெண் நடக்கக் கூடாது, ஒரு நிமிஷம் கோலை எடுத்தால் என்ன குறைந்துவிடும், குடும்பமென்றால் முன்பின் இருக்கும். கிருஷாந்தி சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தாள்.

"பாத்தியா உன் மகள? எவ்வளவு சொல்றேன், மூஞ்சியக் கூடத் திருப்ப மாட்டேங்குறா."

"அந்தக் காதுதாங்க அடிபட்டது," என்றாள் பாலாம்பிகை. "இந்தப் பக்கம் வந்து பேசுங்க, உங்க தங்கமான நியாயத்த."

அவர் எழுந்து வலது பக்கம் போவதற்குள் நிரஞ்சன் வந்துவிட்டான். குளித்து, சட்டையைக் காற்சட்டைக்குள் விட்டு, தலை வாரி வந்திருந்தான். அவனுக்கு இந்த வீட்டு முறை அத்துப்படி. கல்யாணமான புதிதில் மாமனார் நடத்திய விசாரணைகளில் சாட்சியாக உட்கார்ந்தவன். ஒருமுறை அடித்தவனுக்குப் புத்தியும் சொல்லியிருக்கிறான்.

"வாங்க மாப்பிள்ள, உக்காருங்க," என்றார் வீரய்யா.

"இருக்கட்டும் மாமா. பதினொரு மணிக்கு ஒரு இடத்துக்குப் போகணும்." நிரஞ்சன் சட்டைப் பையிலிருந்து ஒரு சூடப் பாக்கெட்டை எடுத்து வைத்தான். "வர்ற வழியிலேயே வாங்கிட்டேன். எப்படியும் நீங்க கேப்பீங்கதானே."

வீரய்யாவுக்கு ஒரு கணம் எங்கேயோ இடித்தது. ஊரே பயந்து மதித்ததாக அவர் நினைத்திருந்த சத்தியத்தை, இவன் தலைவலி மாத்திரை மாதிரி கடையில் வாங்கி வந்து நீட்டுகிறான். ஆனாலும் மாப்பிள்ளை. கம்பெனியில் கணக்குப் பார்க்கிறவன். சொந்த வீடு.

"பாலாம்பிகை, தட்ட எடுத்துட்டு வா."

அவள் மகளுக்குப் பக்கத்திலிருந்து அசையவில்லை.

"தட்டுன்னேன்."

"தட்டு கழுவாமக் கெடக்கு," என்றாள்.

"எதுல வச்சா என்ன மாமா, சூடம் சூடந்தான்," என்ற நிரஞ்சன் கீழே பார்த்து, பொலிஷ் டின்னின் மூடியைக் காலால் காட்டினான். வீரய்யா குனிந்தார். அந்த மூடியைப் பேப்பரால் நன்றாகத் துடைத்தார். தலைமை தாங்குகிறவர், கதிரை தந்தால்தான் உட்காருகிறவர், மாப்பிள்ளையின் காலடியில் மண்டி போட்டு, சூடத்தைத் தானே ஏற்றிக் கொடுத்தார்.

நிரஞ்சன் உள்ளங்கையைச் சட்டென்று வைத்து எடுத்தான். "இனிமே கை வைக்க மாட்டேன் மாமா. சத்தியம்." கையைக் கைலேஞ்சித் துணியில் துடைத்துக்கொண்டான். "வா, போகலாம்."

"அவ்வளவுதான், முடிஞ்சிச்சு," என்றார் வீரய்யா. "எந்திரி புள்ள. மொகத்தக் கழுவிட்டுக் கெளம்பு."

கிருஷாந்தி எழுந்திருக்கவில்லை. "சத்தியத்த யாருகிட்ட பண்ணினாரு?"

"என்கிட்டதான். நீ பாத்துக்கிட்டுத்தானே இருந்த?"

"அப்ப உங்கள அடிக்க மாட்டாரு. நீங்க வேணும்னா அவரோட போயி இருங்கப்பா."

நிரஞ்சன் சிரித்தான். "வாயப் பாத்தீங்களா மாமா? இந்த வாய்தான். நீங்களே சொல்வீங்களே." கைக்கடிகாரத்தைப் பார்த்தான். "புத்தி வந்ததும் கொண்டு வந்து விடுங்க. அடுத்த தடவ நான் வந்து கூப்பிட மாட்டேன்." த்ரீவீலை வாசலில் காக்க வைத்துத்தான் வந்திருந்தான் போல, அது கிளம்புகிற சத்தம் கேட்டது.

"போயிட்டாரு பாரு," என்றார் வீரய்யா. "திங்கட்கிழமை நானே கொண்டுபோய் விடுறேன். ரெண்டு நாள் இருந்துட்டுப் போகட்டும். யாராவது கேட்டா, காதுவலின்னு வந்திருக்கான்னு சொல்லு."

"அவ போகமாட்டா," என்றாள் பாலாம்பிகை.

"நீ சும்மா இரு. பொம்பளைங்க பேசுற விஷயமில்ல இது."

"தட்டு தூக்கித் தூக்கி எனக்குக் கை கூசுதுங்க. சிந்துஜாவுக்கும் நான்தான் தூக்கினேன். சூடத்த ஏத்திக் குடுத்து, குங்குமத்த வச்சு, அந்தப் புள்ளய நானே வாசல் வரைக்கும் கொண்டுபோய் விட்டேன். என் மகளுக்கும் அதச் செய்யச் சொல்றீங்க." குரலை உயர்த்தவில்லை. மகள் பக்கம் திரும்பினாள். "புள்ள, மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போவோம். அப்புறம் பொலிசு. பொம்பளைங்களுக்குன்னு தனியா ஒரு எடம் வச்சிருக்காங்களாமே."

"பொலிசா?" வீரய்யா கதிரையைப் பிடித்துக்கொண்டார். "என் வீட்டுலேர்ந்து பொலிசுக்கா? அங்க இருக்கிறவனுங்களுக்கெல்லாம் என்னைய நல்லாத் தெரியும்."

"நல்லதாப் போச்சு. பேரு சொல்லி அறிமுகப்படுத்திக்க வேண்டியதில்ல," என்றாள் கிருஷாந்தி. கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வாசற்படியில் இறங்கி அம்மாவுக்காக நின்றாள்.

வீரய்யா அப்போதாவது மகளுடைய காதைப் பார்த்திருக்கலாம். அவர் ஜன்னல் வழியாக எதிர்வீட்டைப் பார்த்தார். அங்கே யாரும் வெளியில் நிற்கவில்லை என்று தெரிந்ததும் குரல் இறங்கியது.

"பாலாம்பிகை, கொஞ்சம் யோசி. நான் சேத்து வச்ச குடும்பங்க எத்தன இருக்கு. அவங்கல்லாம் வந்து கேட்டா நான் என்ன சொல்றது?"

அவள் அலுமாரியிலிருந்து மகளின் அடையாள அட்டைப் பிரதியையும் தன் பர்சையும் எடுத்து, சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"உன்னத்தான் கேக்குறேன். என்ன சொல்றது?"

பாலாம்பிகை அவரைத் தாண்டி வெளியே போனாள்.