சாணிக்குறி போட்ட சூளை

வேதகிரி யாரையும் நம்பியதில்லை. பெருநகர் என்ற கிராமத்தில் களத்துக் காவல் இருந்த காலத்தில் நெற்குவியலுக்குச் சாணிப்பாலில் குறி போட்டு, அது கலைந்திருக்கிறதா என்று விடிந்ததும் பார்ப்பார். உத்திரமேரூர்ப் பக்கம் சுண்ணாம்புச் சூளைக்கு மேஸ்திரியாக வந்தும் அந்தக் கண் மாறவில்லை. எடை போட்டுக் கொட்டிய கிளிஞ்சல், வெந்து வரும்போது பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் தேறியது.

"எவனோ கை வெச்சிக்கினு கீறான்" என்று ஆட்களின் கூடைகளை உதறினார். ஒன்றும் அகப்படவில்லை. அடுத்த முறை சூளைக்கொட்டகையைப் பூட்டி, கதவிடுக்கில் சாணிக்குறி போட்டு, வாசலிலேயே உட்கார்ந்துகொண்டார். குறி கலையவில்லை. எடை மட்டும் அதேபோல் குறைந்திருந்தது.

கூடை சுமக்கும் ஏஞ்சல் சிரித்தாள். "குறி அப்டியே கீது. உள்ள பூந்தது யாரு மேஸ்திரி, நீங்களா?"

அவர் முறைத்ததும், பள்ளிக்கூடத்தில் படித்ததைச் சொன்னாள். "கிளிஞ்சலு வெந்தா சுண்ணாம்பு தனியா, கரியமில வாயு தனியா பிரிஞ்சிடும். வாயு கூரை வழியா பூடுது. அதையும் சேத்து நிறுத்தா போட்ட எடை சரியா வரும்."

"போனது இப்போ எங்க கீது, காட்டு!"

"வெள்ளையடிச்ச செவுத்துல. ஈரம் காய சொல்ல சுண்ணாம்பு அதே வாயுவ காத்துலேர்ந்து இழுத்துக்கினு, பழையபடி கிளிஞ்சலாட்டம் இறுகிடும்."

மாலையில் வேதகிரி வீட்டுக்குப் போனார். பொங்கலுக்குச் சூளைச் சுண்ணாம்பில் வெள்ளையடித்த தெருச்சுவரை நகத்தால் சுரண்டினார். கல்லாக இறுகியிருந்தது; தொலைந்த எடை தன் வீட்டுச் சுவரிலேயே இருந்தது. யாராவது பார்க்கிறார்களா என்று தெருவின் இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்துவிட்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.