என்ன ஆதாரம் என்று கேட்டேன்

மூன்று வருடங்களுக்கு முன்னால், ஒரு சித்திரை மாதம். நெய்வேலி டவுன்ஷிப்பில் ஒரு தனியார் கிளினிக்கில் மனநல ஆலோசகராகச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. படித்த படிப்பின் மேல் எனக்கு அபார நம்பிக்கை.

முத்தாண்டிக்குப்பத்திலிருந்து ஒருவரை அவர் மனைவி அழைத்து வந்தார். சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை. வேலை நேரத்தில் திடீர் திடீரென்று நெஞ்சு படபடக்கும், மூச்சு முட்டும். இதயத்தில் கோளாறு எதுவுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த நேரத்தில் ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் சரியாகிவிடுமாம். உட்காரத்தான் பயம். ஏனென்று அவரே சொன்னார்.

“வெளிய தெரிஞ்சா வேலைய வுட்டு நிறுத்திடுவாங்க மேடம். அத நெனச்சிக்கினே தூக்கம் வரலைங்க.”

நான் கற்ற சிகிச்சையில் இப்படிப்பட்ட எண்ணத்தைச் சோதித்துப் பார்க்கச் சொல்வோம். “அப்படித்தான் நடக்கும்னு என்ன ஆதாரம்?” என்று கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். பதில் இல்லை என்று நானே முடிவு கட்டினேன். சுரங்க நிறுவனத்தின் பர்மனென்ட் ஊழியர்களிடம் அந்தக் கேள்வி நன்றாகவே பலித்திருந்தது. நானும் பர்மனென்ட் ஊழியரின் மகள், குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். அப்பா காய்ச்சலென்றால் லீவு போடுவார், சரியானதும் போவார். உடம்பு முடியவில்லை என்று சொன்னால் வேலை போகும் என்பது எனக்குக் கற்பனையாகத்தான் பட்டது. சூப்பர்வைசரிடம் சொல்லிப் பாருங்கள், என்ன நடக்கிறதென்று பார்ப்போம் என்று வீட்டுப்பாடம் கொடுத்து அனுப்பினேன்.

அடுத்த வாரம் தனியாக வந்தார்.

“சொன்னேங்க. நாளையிலேருந்து வராதன்னுட்டாங்க.”

அவர் தெருவிலேயே இரண்டு பேரை முன்பு இப்படித்தான் நிறுத்தியிருக்கிறார்கள் என்றும் சொன்னார். அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அதைக் கேட்டிருக்கவே கூடாது.

“படிச்சவங்க நீங்க சொல்றீங்க. நாமதான் தப்பா நெனச்சிக்கினு இருக்கோம் போலன்னு நெனச்சேங்க.”

குரலில் கோபமே இல்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். கான்ட்ராக்டருக்கு ஒரு கடிதம் தருகிறேன் என்றேன். “வேணாங்க. இன்னும் நாலு பேருக்குத் தெரிஞ்சிடும்” என்று எழுந்து போனார். பிறகு வரவேயில்லை.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். எனக்கு அப்போதும் வரவில்லை, அவருக்குத்தான் வந்தது. இப்போதெல்லாம் யாருடைய பயத்தையும் தொடுவதற்கு முன்னால், அவருக்கு என்ன வேலை, யாரிடம் வேலை, அது நிலைக்குமா என்று விசாரித்துக்கொள்கிறேன். அதனால் சிலர் தப்பித்திருக்கலாம். ஆனால் சரியாகப் பயந்த ஒரு மனிதரைத் தப்பாகப் பயப்படுவதாக நம்பவைத்தவள் நான் என்ற உறுத்தல் இன்றுவரை போகவில்லை.