வாட்சர் வீட்டு ஆடுகள்

அப்பாவுக்கு வனத்துறையில் வாட்சர் வேலை கிடைத்தபோது நான் ஐந்தாம் வகுப்பு. குன்னம் பக்கம் எங்கள் ஊர். காக்கிச் சட்டையோடு அவர் வண்டியை எடுத்தால் எனக்குத் தலைகால் புரியாது. ஊர் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்திருந்தது. காப்புக்காட்டைத் திரும்ப அளந்து, எல்லைக்கல்லை ஓடைக்கு இந்தப் பக்கம் நட்டுவிட்டார்கள். உள்ளே புது மரக்கன்றுகள். அவை தலையெடுக்கும்வரை ஆடு நுழையக் கூடாது. நுழைந்தால் பிடித்து, அபராதம் கட்டும்வரை பட்டியில் அடைப்பது அப்பாவின் வேலை.

அப்பா ஒன்றைக்கூடப் பிடிக்கவில்லை. விசில் ஊதி விரட்டுவதோடு சரி. எல்லாம் மாமன் மச்சான் ஆடுகள். தொட்டால், "ஒங்க வூட்டு ஆடுன்னா புடிப்பியாப்பா?" என்று கேட்டார்கள். கன்றுகளோ நாளுக்கு நாள் மொட்டையாகிக்கொண்டிருந்தன. ரேஞ்சர் வந்து பார்த்தால் வேலை போய்விடும். அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு லீவு நாளில், அறுத்த மக்காச்சோளக் கொல்லையில் எங்கள் ஆடுகளைத் தட்டை மேய விடத்தான் போகிறோம் என்று அம்மாவோடு கிளம்பினேன். அம்மா ஆடுகளை நேராகக் காட்டுக்கு ஓட்டினாள். ஆடு மேய்க்கும் சனமெல்லாம் பார்த்திருக்க, எங்கள் ஆடுகள் கல்லைத் தாண்டின. மறிக்க ஓடிய என்னைக் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

விசிலோடு ஓடிவந்த அப்பா அம்மாவைக் கண்டதும் நின்றுவிட்டார்.

"என்ன நிக்கிறீங்க? புடிச்சு அடைங்க" என்றாள் அம்மா.

அப்பா ஆடுகளைத் தெரு வழியாகவே ஓட்டிப்போய்ப் பட்டியில் அடைத்தார். நான் அழுதுகொண்டே பின்னால் போனேன். "சொந்த வூட்டு ஆட்டையே அடைச்சுட்டாருடி!" என்று வாயைப் பிளந்தாள் பெரியம்மா. அதற்குப் பிறகு ஓர் ஆடும் கல்லைத் தாண்டவில்லை. கன்றுகள் துளிர்த்ததைக் காட்டித்தான், ஆடுகள் ஓடையில் தண்ணீர் குடிக்க ஒரு தடம் விடச் சொல்லி அப்பா ரேஞ்சரிடம் கேட்டு வாங்கினார். ஊரே அவரைக் கொண்டாடியது.

பள்ளிக்கூடம் முழுக்க அப்பா பெருமைதான் பேசினேன். அம்மாவிடம் மட்டும் முகம் கொடுக்கவில்லை; அவர் வேலைக்கே உலை வைக்கப் பார்த்தவள் என்று அத்தனை கோபம். அவளோ, உம்மென்றிருந்த எனக்குத் தினமும் சடை பின்னி அனுப்பினாள். அப்பாவின் பேச்சை ஊர் கேட்க வேண்டும் என்றுதான் அவள் தன் ஆடுகளையே முதலில் பிடித்துக் கொடுத்தாள் என்பது அந்த வயதில் எனக்கு விளங்கவில்லை.