தூக்குமேடைக்கு முரசடித்தவர்

ஊர் அவருக்கு வைத்த பெயர் டமாரம். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளம் கொடுக்கிற அதிகாரிக்கு மட்டும்தான் தெரியும். ரகசியத்தை ஊரெல்லாம் பரப்புகிறவனைத்தான் டமாரம் அடிக்கிறான் என்று நாம் சொல்வோம். இவர் அடித்தது அதற்கு நேர்மாறான காரியத்துக்கு. தூக்கில் தொங்கப்போகிறவன் கடைசியாகச் சொல்வது கூட்டத்தின் காதில் விழக்கூடாது. அதற்காகவே ஒரு பெரிய முரசையும் இரண்டு கோல்களையும் கொடுத்து அரசாங்கம் அவரை வேலைக்கு வைத்திருந்தது.

அந்தக் காலத்தில் தூக்குப் போடுவது நாலு சுவருக்குள் நடக்கிற காரியம் அல்ல. சிறை வாசலுக்கு எதிரே இருந்த திடலில், பட்டப்பகலில், ஊர் பார்க்கத்தான் நடக்கும். பார்த்தால் பயம் வரும், பயம் வந்தால் குற்றம் குறையும் என்பது மேலிடத்துக் கணக்கு. ஊர் பயந்த மாதிரி தெரியவில்லை. பிள்ளைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு வந்தது. வறுத்த கடலை வாங்கிக் கொறித்தது. மேடையில் ஒரு திருடன் தொங்குவதை வாயைப் பிளந்து பார்த்தவர்களின் பையைக் கீழே இன்னொரு திருடன் அறுத்துக்கொண்டிருந்தான்.

முரசு வந்ததற்கும் ஒரு கதை உண்டு. ஒருமுறை மேடையில் நின்றவன், கொலைக்குத் தன்னை ஏவிவிட்ட பெரிய மனிதரின் பெயரைக் கூட்டத்தைப் பார்த்துக் கத்திச் சொல்லிவிட்டான். அன்று சாயங்காலத்துக்குள் அந்தப் பெரிய மனிதர் வீட்டில் உடையாத ஜன்னல் ஒன்றுகூட இல்லை. அவர்மேல் வழக்குப் போட்டார்களா என்று கேட்காதீர்கள். அப்படியெல்லாம் எந்த ஊரிலும் நடப்பதில்லை. முரசு வாங்கினார்கள். ஊர்வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். சாகிறவன் வாயை மூட ஒன்று கிடைத்துவிட்டது.

டமாரம் அதற்கு முன் நகராட்சி பேண்டு வாத்தியத்தில் இருந்தவர். ஊதுகிற வாத்தியம் எதுவும் அவருக்குப் பிடிபடவில்லை, மூச்சு போதாது. அதனால் பெரிய முரசு அவர் தலையில் விழுந்தது. பூங்காவில் வாசித்துக்கொண்டிருந்த அந்தக் குழுவை ஒருநாள் கலைத்துவிட்டார்கள். ஊதத் தெரிந்தவர்கள் ஆளுக்கொரு பக்கம் பிழைத்துக்கொண்டார்கள். பெரிய முரசை மட்டும் தனியாக யார் கூப்பிடுவார்கள்? சிறையிலிருந்து ஆள் வந்தபோது அவர் மறுபேச்சுப் பேசவில்லை. பசி வந்தால் பத்தும் பறந்துபோகும், அதில் கூச்சம் முதலில் பறக்கும்.

வேலை சின்னதுதான், ஆனால் சுலபம் இல்லை. ஈரக் காற்று அடித்தால் தோல் தொய்ந்துபோகும், விடிந்ததும் வைக்கோலைக் கொளுத்திக் காயவைக்க வேண்டும். மேடைக்கும் கூட்டத்துக்கும் நடுவில் முரசை நிறுத்தி, மேடையைப் பார்த்தபடி நிற்க வேண்டும். மேடையில் நிற்பவனின் வாயைவிட்டுக் கண் நகரக்கூடாது. உதடு அசைந்தால் கோல் விழ வேண்டும். மேடையோரம் நிற்கிற அதிகாரி கைக்குட்டையை ஆட்டினால் இன்னும் பலமாக விழ வேண்டும். வருஷங்கள் போகப்போக, கண் பார்த்ததும் கை தானாக எழுந்தது, இடையில் அவரைக் கேட்கவில்லை. வீட்டில் மனைவி எதையோ சொல்ல வாயைத் திறந்தால்கூட அவர் விரல்கள் தொடையில் துடிக்கும். என் பேச்சையும் அமுக்கணுமா என்று அவள் சிரிப்பாள். காதில் பஞ்சு அடைத்துத்தான் அடித்தார். இருந்தும் காது பாதிக்குமேல் போய்விட்டது, டமாரச் செவிடு என்ற பட்டத்துக்கு முழுத் தகுதி வந்துவிட்டது.

முதன்முதலில் அவர் வீட்டைத் தேடி வந்தவள் ஒரு குதிரைத் திருடனின் தாய். தூக்குக்கு மறுநாள் காலையில் வாசல்படியில் வந்து உட்கார்ந்தாள். முரசுக்காரர் பக்கத்தில்தானே நின்றார், மகன் சொன்னது அவருக்காவது கேட்டிருக்கும் என்பது அவள் எண்ணம். உண்மையில் அந்தத் திடலில் ஒன்றுமே கேட்காத ஆள் அவர்தான். அதை அவளிடம் சொல்லிப் பார்த்தார். செவிடன் காதில் ஊதிய சங்கு என்பார்களே, அன்றைக்கு ஊதினவர் செவிடர். அவள் எழுந்திருக்கவே இல்லை. வெயில் ஏறிய பிறகும் அங்கேயே இருந்தாள்.

டமாரத்தின் மனைவிக்குத் தாங்கவில்லை. அவரை அடுப்படிக்குக் கூப்பிட்டு, ஏதாவது சொல்லி அனுப்புங்கள், வாய் வார்த்தைதானே என்றாள். அவர் வெளியே வந்து, சாகும்போது பிள்ளை அம்மா என்றுதான் கூப்பிட்டான் என்றார். அந்தத் தாய் அவர் இரண்டு கையையும் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அந்தக் கைதான் மகன் குரலை அமுக்கியது என்பது அவளுக்கு அந்த நேரத்தில் நினைவு வரவில்லை.

பிறகு ஒவ்வொரு தூக்குக்கும் மறுநாள் யாராவது வந்தார்கள். தாய் வந்தாள், ஒரு கொத்தனாரின் பெண்டாட்டி வந்தாள், ஒருமுறை ஒரு கொலைகாரன் சின்ன வயதில் வேலை பார்த்த இடத்து முதலாளி வந்து நின்றார். மனைவி இதில் கெட்டிக்காரி ஆகிவிட்டாள். வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துப் பேச்சுக் கொடுப்பாள். செத்தவனுக்கு யார்மேல் பாசம், வீட்டில் எப்படிக் கூப்பிடுவான் என்று தெரிந்துகொண்டு அடுப்படியில் அவருக்குச் சொல்லித் தருவாள். அதில் அவள் கண்டுபிடித்த சூட்சுமம் ஒன்று உண்டு. அந்த இடத்தில் நிற்கிறவன் நீளமாகப் பேசமாட்டான், அதனால் பேச்சைப் பாதியில் விட்டுவிட வேண்டும், மீதியைக் கேட்கிறவர்களே முடித்துக்கொள்வார்கள் என்பாள். பொய்தானே என்று அவர் ஒருமுறை முனகினார். உண்மையை யார் அமுக்கினது என்று அவள் கேட்டாள்.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும். அவளுக்கு ஒரே தம்பி. தாய் செத்தபோது நடக்கக்கூடத் தெரியாதவன், இடுப்பைவிட்டு இறக்காமல் அக்காதான் வளர்த்தாள். வண்டி ஓட்டிப் பிழைத்தான். வாயாடி, ஆனால் கை சுத்தம் என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள். அந்த வருஷம் துணிக் கிடங்கில் கொள்ளை போய், காவல்காரரைக் கழுத்தில் வெட்டிப் போட்டிருந்தார்கள். ஊரே கொதித்தது. தெருவில் அதைப் பாட்டாகக் கட்டிப் பாடி விற்றார்கள். வண்டியும் வண்டிக்காரனும் பிடிபட்டார்கள், கூட இருந்த இருவர் ஓடிவிட்டார்கள். வெட்டினது அவனா, வண்டி மட்டும் ஓட்டினானா என்பது அவனுக்குத்தான் தெரியும். நீதிமன்றத்தில் அந்த வாயாடி வாயே திறக்கவில்லை. ஓடிப்போனவர்களுக்குப் பயந்தானோ, குற்றம் உறுத்தியதோ, யார் கண்டது?

சிறையில் அவனைப் பார்க்க அவளை ஒருமுறை விட்டார்கள். நடுவில் காவலர் நின்றதால், கொன்றானா என்று அவளால் கேட்க முடியவில்லை. அவன் அவளிடம் வீட்டுக் கூரை இன்னும் ஒழுகுகிறதா என்று கேட்டான். ஒழுகவில்லை என்று பொய் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தாள்.

டமாரம் அந்த ஒரு நாளைக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடப் பார்த்தார். மச்சினன் கழுத்தில் கயிறு விழும்போது எதிரே நிற்க அவரால் ஆகாது. அவளோ போகத்தான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றாள்.

"நீங்களே போங்க. வேற ஆள் அடிச்சா அவன் சொல்றது காத்தோட போயிடும். பஞ்சை எடுத்துட்டு, கொஞ்சம் மெதுவா அடிங்க. அவன் உங்களைப் பாத்தா சொல்லுவான். கொன்னானா இல்லையான்னு அவன் வாயால எனக்குத் தெரியணும். கொன்னிருந்தாலும் அவன் என் தம்பிதான். ஆனா தெரியணும்."

அவர் தலையாட்டினார். அவள் அவரிடம் வாழ்நாளில் கேட்ட பெரிய காரியம் அது ஒன்றுதான்.

அன்று திடலில் நிற்க இடம் இல்லை. பாட்டாகிவிட்ட கொலையாயிற்றே. காவல்காரரின் சொந்தக்காரர்கள் முன்வரிசையில் நின்று சபித்துக்கொண்டிருந்தார்கள், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. டமாரம் பஞ்சு வைக்காத காதோடு முரசின் பின்னால் நின்றார். கோலைத் தளர்த்திப் பிடித்திருந்தார். மச்சினனை ஏற்றினார்கள். இளைத்துப்போயிருந்தான், சட்டை யாருடையதோ போலத் தொங்கியது. கூட்டத்தைப் பார்த்து மிரண்ட கண் முரசுக்குப் பின்னால் நின்றவரைக் கண்டதும் நின்றது. தெரியாத ஊரில் சொந்தக்காரரைப் பார்த்துவிட்டவன் முகம்போல அந்த முகம் தெளிந்தது.

உதடு அசைந்தது. கோல் விழுந்தது. மெதுவாகத்தான் விழுந்தது, அதனால் அவருக்குக் கேட்டது.

"மாமா, கொஞ்சம் நிறுத்துங்க. அக்காகிட்ட சொல்லிடுங்க, நான்..."

அதற்குப்பின் அவருக்குக் கேட்டது முரசுச் சத்தம்தான். தோல் கிழிந்துவிடும்போல அடித்துக்கொண்டிருந்தார். அடிக்கிறோம் என்பதே கொஞ்சம் கழித்துத்தான் அவருக்குத் தெரிந்தது. மேலே உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன, அசைய அசையக் கை ஓங்கியது. அவன் முகம் சுருங்கியது. பிறகு வாயை மூடிக்கொண்டான். முரசும் நின்றது. நின்ற அந்த அமைதியில் பலகை விழுந்தது.

அதிகாரி கைக்குட்டையை ஆட்டினாரா என்று பின்னால் எத்தனையோ நாள் யோசித்துப் பார்த்தார். பயத்தில் அடித்தேன் என்றாவது சொல்லிக்கொள்ளலாம் என்று ஆசைப்பட்டார். ஆட்டியிருந்தாலும், அந்த உதடுகளைவிட்டு நகராத கண் அதை எப்படிப் பார்த்திருக்கும்? அதிகாரி அதட்டவும் இல்லை. யாரும் அவரை ஒன்றும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வரும் வழி முழுக்க என்ன சொல்வது என்று புரட்டிப் புரட்டிப் பார்த்தார். அவள் வாசலிலேயே நின்றிருந்தாள். அழவில்லை. தண்ணீரைக் கொடுத்துவிட்டு, அவர் குடித்து முடிக்கும்வரை காத்திருந்து, என்ன சொன்னான் என்று கேட்டாள். அவருக்கு வந்தது பழகிப்போன வார்த்தைதான். மன்னித்துவிடச் சொன்னான், நீ நன்றாக இருக்க வேண்டும் என்றான் என்றார்.

"இது கொத்தனார் பொண்டாட்டிகிட்ட சொல்ல நான் சொல்லிக்கொடுத்தது. எனக்கேவா?"

அதன் பிறகு அவர் உண்மையைச் சொன்னார். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. மாமா, நிறுத்துங்க என்றதையும், நான் என்று தொடங்கியதையும், தன் கை செய்ததையும் சொல்லி முடித்தார். அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மீதி?"

"கேக்கலை."

"பாதியில விடணும்னு சொல்லிக்கொடுத்ததும் நான்தானே."

அவர் சத்தியம் செய்தார். இது ஜோடித்தது இல்லை என்று தலையில் அடித்துக்கொண்டு சொன்னார். அவள் கையைப் பிடித்துத் தடுத்தாள். கோபமே இல்லாத குரலில் பேசினாள், அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

"நம்புனா, அவன் சொல்ல வந்ததை நீங்கதான் அமுக்கிட்டீங்க. நம்பலைன்னா, அவன் எனக்கு ஒண்ணுமே சொல்லாம போயிட்டான். நான் எதை வச்சுக்கிட்டு இருக்கிறது?"

அன்றிலிருந்து அந்த வீட்டில் பேச்சு குறைந்துபோயிற்று. சமையல் நடந்தது, துணி காய்ந்தது, கூரைக்கு ஓடுகூட மாற்றினார்கள். அவள் எதையாவது சொல்ல வாயைத் திறப்பாள். அவர் விரல்கள் அசைகின்றனவா என்று ஒருமுறை பார்ப்பாள். பிறகு சொல்லாமல் விட்டுவிடுவாள். வேலையை விட்டாரா என்றால், விடவில்லை. விட்டால் என்ன செய்வார்? கையும் அதைவிட வேறு எதற்கும் பழகவில்லை.

மழை விட்டபிறகு இன்னொரு தூக்கு நடந்தது. யாரோ ஒரு பொடியன், முதலாளிக்கு விஷம் வைத்தவன். மறுநாள் அவன் தாய் வந்து படியில் உட்கார்ந்தாள். டமாரம் உள்ளேயிருந்து வெளியே வரவே இல்லை. மனைவிதான் போனாள். தண்ணீர் கொடுத்தாள், பக்கத்தில் உட்கார்ந்தாள், வெகுநேரம் பேச்சுக் கொடுத்தாள். பிறகு, அம்மா, உங்கள் மகன் சொன்னது அவர் காதில் நன்றாக விழுந்ததாம், நான் அந்த விஷத்தை வைக்கவே இல்லை என்று அம்மாவிடம் சொல்லிவிடுங்கள் என்றானாம் என்றாள். இந்த முறை பாதியில் விடவில்லை, முழுசாகச் சொன்னாள். அந்தத் தாய் அவள் மடியில் விழுந்து, எனக்குத் தெரியும், என் பிள்ளை செய்திருக்கமாட்டான் என்று சொல்லிச் சொல்லி அழுதாள். அழுது ஓய்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, வந்ததைவிட நிமிர்ந்து தெருவில் நடந்து போனாள்.

மனைவி செம்பை எடுத்துக்கொண்டு அடுப்படிக்கு வந்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் வாயைத் திறந்தாள். அவர் விரல்கள் அசைந்தன. இந்த முறை அவள் நிறுத்தவில்லை.

"அவங்க நம்பிட்டாங்க" என்றாள்.