மூன்றாம் இலக்கத்துத் தண்ணீர்

ஒன்பது வயதிலும் என் மகள் மூடி போட்ட கோப்பையில்தான் தண்ணீர் குடித்தாள். குளிக்கும்போது கண்களை இறுக்கி மூடிக்கொள்வாள். நான் பின்னால் நின்று ஊற்ற வேண்டும். கல்முனைக்குடியில் கடலோரம் இருந்த எங்கள் வீடு, கடல் ஊருக்குள் வந்த அன்றோடு போய்விட்டது. அதற்குப் பிறகு வயல் பக்கமாகக் கட்டிக்கொடுத்த வீடு ஒன்றில் இருந்தோம். அங்கிருந்து கடல் தெரியாது, சத்தமும் வராது. ஆனால் மாரி பிறந்தால் எங்கள் வாசலிலிருந்து பெரிய ரோடு வரை ஒழுங்கையில் மழைத்தண்ணீர் நிற்கும். அது வற்றும்வரை அவள் பள்ளிக்கூடம் போகமாட்டாள். முந்திய மாரியில் பாதி நாட்கள் வீட்டிலேயே கழிந்தன. நான் அதே பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். இன்னொரு மாரி இப்படிப் போனால் பிள்ளை வகுப்பேறமாட்டாள் என்பதை எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

சண்டை முடிந்த வருடம் அது. ரோட்டில் பட்டாசு கொளுத்தியபோது அவள் ஜன்னலில் நின்று வேடிக்கை பார்த்தாள். சத்தம் கேட்டு மேசைக்குக் கீழே போனவள் நான்தான். அவளுக்கு வெடியில் பயமில்லை. தண்ணீரில் மட்டும்தான்.

அந்த மாரிக்குச் சற்று முன்னர், கட்டாரிலிருந்து லீவில் வந்த என் கணவரின் தம்பி ஒரு பழைய கொம்பியூட்டரைக் கொண்டுவந்து, வயரெல்லாம் பொருத்திப் பூட்டித் தந்தார். அதில் எமியுலேட்டர் என்று ஒன்று இருந்தது. முன்பு டீவியில் கொழுவி விளையாடிய மெஷின்கள் இப்போது கிடைக்காதாம்; கொம்பியூட்டரை அந்த மெஷின் போலவே நடக்கவைக்கிற மென்பொருள்தான் இது என்றார். ஒரு எலி காட்டுக்குள் ஓடி, பூட்டிய கதவுகளுக்குத் திறப்புத் தேடுகிற விளையாட்டைப் போட்டுக் காட்டிவிட்டுத் திரும்பிப் போனார்.

மகள் அந்த எலியோடு ஒன்றிப்போனாள். சில நாட்களில் காட்டைத் தாண்டினாள், குகையைத் தாண்டினாள். அதற்கடுத்த கட்டத்தில் திரையின் அடியிலிருந்து நீலமாகத் தண்ணீர் ஏறி எலியை மூடியது. அவள் கீபோர்ட்டைப் போட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள். பிறகு அந்த அறைக்குள் வரவேயில்லை. ஆனால் சோறு தின்னும்போது கேட்டாள்.

"எலி மௌத்தாப் பெய்த்தா உம்மா?"

"இல்ல மகள். உசிரோட அங்கதான் இரிக்கி."

"தண்ணிக்குள்ளயா?"

நான் அவளுடைய கோப்பையின் மூடியைத் திருகிக் கொடுத்தேன்.

அடுத்த நாள் அஸர் தொழுதுவிட்டுக் கொம்பியூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். தண்ணீர் வரும் கட்டத்தைத் தாண்டிவிட ஏதாவது வழி இருக்கும் என்பது என் நினைப்பு. அவள் விட்ட இடத்திலேயே விளையாட்டுத் திறந்தது. மேலே வரிசையாக மெனுக்கள். ஒன்றைத் திறந்தால் அதற்குள் இன்னொன்று, அதற்குள் வேறொன்று. வீடியோ என்றிருந்ததைத் திறந்து எதையோ மாற்றினேன். எலி தட்டையாக நசுங்கியது. இன்னொன்றை மாற்றினேன், படத்தின் குறுக்கே கறுப்புக் கோடுகள் விழுந்தன. மூன்றாவது தடவை திரை முழுதும் இருண்டு, இந்த அளவைத் தன்னால் காட்ட முடியாது என்று ஆங்கிலத்தில் ஒரு சின்னப் பெட்டி மட்டும் அங்குமிங்கும் மிதந்தது. என் கணவர் கட்டாருக்குக் கோல் எடுத்து, எந்த இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்த வேண்டும் என்று தம்பியிடம் கேட்டுச் சொன்னார். படம் திரும்பி வந்தது.

"டீச்சர் இண்டைக்கு சோதினையில பெயில்தான்," என்றார்.

அவர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்ற வேகத்தில் ஒரு மடத்தனம் செய்தேன். போனில் இதற்கு ஒன்றை அழுத்து, அதற்கு இரண்டை அழுத்து என்று சொல்வார்களே, மெனுவும் அப்படித்தான் வேலைசெய்யும் என்று நினைத்துக் கீபோர்ட்டில் இலக்கங்களை அழுத்தினேன். ஒன்றை அழுத்தியதும் வானம் இல்லாமல் போனது. இரண்டை அழுத்தியதும் பாறையும் நிலமும் போயின. எலி வெறும் நீலத்துக்குள் தொங்கியது. கணவர் சத்தமாகச் சிரித்தார். நான் அவசரத்தில் அதே இரண்டு விசைகளையும் மறுபடி அழுத்த, வானமும் நிலமும் வந்தன. பிறகு மூன்றை அழுத்தினேன்.

தண்ணீர் போய்விட்டது.

நான் கையை எடுத்துவிட்டேன். ஒரே படம் என்று நான் நினைத்திருந்தது கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்தது போல இருந்திருக்கிறது. வானம் ஒரு தாள், நிலம் ஒரு தாள், தண்ணீர் ஒரு தாள். இத்தனை வருடம் ஒளியைப் பற்றிப் படிப்பித்தவள், வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். அடியில் பாறைகள், சிப்பிகள், அந்தரத்தில் மீன்கள்.

வாப்பா சிரித்த சத்தம் கேட்டு மகள் வாசலில் வந்து நின்றதை அப்போதுதான் கண்டேன். உடனே எனக்குக் கடல் வந்த நாள் நினைவுக்கு வந்தது. அன்று முதலாவது தண்ணீர் அடித்துப் போனபின் பள்ளிவாசல் மேல்மாடியில் அவளைத் தூக்கி வைத்திருந்தேன். கடல் தன்னை உள்ளே இழுத்துக்கொண்டது. நாங்கள் ஒருநாளும் காணாத கடலின் அடி, கற்களும் சேறுமாக, வெயிலில் திறந்து கிடந்தது. அவளும் பார்த்தாள். பிறகுதான் மற்றத் தண்ணீர் வந்தது. இந்தத் திரையும் அதே மாதிரித்தான் இருந்தது. நான் சுவிட்சுக்குக் கையை நீட்டினேன்.

"நிப்பாட்டாதீங்க," என்றாள்.

மெல்ல வந்து என் கதிரையைப் பிடித்துக்கொண்டாள். எலி இன்னும் கைகளை மெதுவாக வீசிக்கொண்டிருந்தது.

"தண்ணி இல்லாம ஏன் நீந்துது?"

கணவர் என்னைப் பார்த்தார். பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தண்ணீர் அங்கேதான் இருக்கிறது, அதை நாம் காட்டாமல் வைத்திருக்கிறோம், எலிக்கு அது தெரியும் என்றேன். மூன்றாம் இலக்கத்தைக் காட்டினேன்.

குனிந்து அந்த இலக்கத்தைப் பார்த்தாள். பிறகு தன் விரலை வைத்து அழுத்தினாள். தண்ணீர் வந்தது. அவள் கதிரையைப் பிடித்த பிடியில் என் தோளும் அகப்பட்டிருந்தது, நகம் பதிந்தது. மறுபடி அழுத்தினாள். போனது. அழுத்தினாள், வந்தது. என் பிள்ளை கண் திறந்து தண்ணீரைப் பார்ப்பதை நான் பார்த்தேன். கணவர் ஓசையில்லாமல் நிலத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"நான் சொன்னாத்தான் வருது," என்றாள், ஏதோ கணக்குக்கு விடை கண்டது போல.

அன்று அவள் எலியை நீந்தவைக்கவில்லை. அடுத்த நாட்களில் தண்ணீரை மறைத்து வைத்துக்கொண்டு விளையாடினாள். எப்போது அதைத் திறந்துவிட்டு விளையாடத் தொடங்கினாள் என்று எனக்குத் தெரியாது. ஒருநாள் நான் தேத்தண்ணி கொண்டுபோனபோது திரை நீலமாக இருந்தது.

மழை பிடித்துக்கொண்ட முதல் வாரத்தில், ஒரு காலை, யாரும் சொல்லாமலேயே வெள்ளைச் சட்டையும் பர்தாவும் உடுத்திக்கொண்டு வாசல்படியில் வந்து நின்றாள். ஒழுங்கையில் தண்ணீர் கலங்கி நின்றது. நான் குடையைப் பிடித்தபடி பக்கத்தில் நின்றேன். தூக்கவா என்று கேட்க வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

செருப்பின் நுனியைத் தண்ணீரில் வைத்தாள். எடுத்தாள். மறுபடி வைத்தாள், எடுத்தாள். பள்ளிக்கூட மணி தூரத்தில் கேட்டது. எனக்கு முதல் பாடம் இருந்தது. அவசரப்படுத்தவில்லை. காலை மீண்டும் வைத்தாள். இந்த முறை அது அங்கேயே இருந்தது. என் கையைப் பிடிக்காமல், மற்றக் காலையும் இறக்கினாள்.